குழந்தைகளுக்கு வீடு கண்ட மரியா மாண்டிசோரி அம்மையார்

எங்கள் ஊராகிய தேவாரத்திற்கு மேற்கே மதில் போல எழுந்து நிற்கும் மலையை அறியாதவர் இப்பள்ளியில் யாருமிலர். மழைக்காலத்தில் அதன் உச்சி கண்ணுக்குத் தெரியாது, மேகம் மூடிக்கொள்ளும். அம்மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள். காயெடுப்புக் காலம் வந்துவிட்டால் கோழி கூவுமுன்பே எங்கள் தெருக்களில் ஜீப் சத்தம் கேட்கும். தூக்குச்சட்டியும், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளும் கையில் கொண்டு, நம் அம்மாமார்களும் அத்தைமார்களும் சித்திமார்களும் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு, போடி மெட்டு வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் மலையேறிப் போவார்கள். வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புவார்கள்.

கைக்குழந்தையை யார் பார்ப்பது? அப்பத்தா இருக்கும் வீட்டில் அப்பத்தா பார்ப்பார். அப்பத்தாவும் தோட்டத்துக்குப் போகிற வீடுகள் உண்டு. அங்கே மூத்த பெண்பிள்ளைதான் தாய். ஏழாம் வகுப்பு வரை எங்களோடு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, கணக்கில் எங்கள் எல்லாரையும் விட வல்லவள், தம்பி பிறந்தபின் முதலில் திங்கட்கிழமைகளில் வராமலிருந்தாள். பிறகு வாரத்தில் மூன்று நாள் வராமலிருந்தாள். பிறகு வரவேயில்லை. சிஸ்டர் இருமுறை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அவள் அம்மாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது எங்களில் பலருக்குத் தெரியும்.

ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதுமாறு எங்கள் வகுப்பினரைக் கேட்டபோது, இந்தத் தோழியின் நினைவால்தான் நாங்கள் மாண்டிசோரி அம்மையாரைத் தேர்ந்தெடுத்தோம். அப்பெயரை நகரங்களில் பள்ளிக்கூடப் பலகைகளில் எல்லாரும் கண்டிருப்பீர்கள். எங்களில் ஒருத்தி மாண்டிசோரி என்பது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றே இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். அவளைச் சிரித்த மற்றவர்களுக்கும் அதற்குமேல் அதிகம் தெரிந்திருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில், அங்கோனா மாகாணத்தைச் சேர்ந்த கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர். தாய் ரெனில்தே நன்கு கற்றவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை மரியா. அவருக்கு ஐந்து வயது நடக்கும்போது குடும்பம் உரோமை நகருக்குக் குடிபெயர்ந்தது.

பெண்கள் படித்தால் ஆசிரியையாகலாம், அதற்குமேல் ஆசைப்படலாகாது என்று இருந்த காலம் அது. மரியாவோ கணக்கில் பிரியங்கொண்டு, பதின்மூன்று வயதில் பையன்களுக்கான தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியாளராக வேண்டும் என்பது முதல் ஆசை. பிறகு அதையும் விட்டு மருத்துவம் படிக்கப் போகிறேனென்று நின்றார். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாயார் மகள் பக்கம் நின்றார். 1890-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் வகுப்பில் சேர்ந்து, அதன் தேர்வில் தேறி, பின்பு மருத்துவ வகுப்புக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. பிரேத அறுவைப் பாடத்தை ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பார்ப்பது முறையன்று என்று சொல்லி, எல்லாரும் போனபின் மாலை வேளையில் தனியாக வந்து படிக்குமாறு விதித்துவிட்டார்கள். பிணங்கள் கிடக்கும் அறையில், விளக்கு வெளிச்சத்தில், ஓர் இளம்பெண் தனியாக! ஒரு நாள் மனம் வெறுத்துப் படிப்பையே விட்டுவிட எண்ணி ஒரு பூங்கா வழியே நடந்தாராம். அங்கே ஒரு பிச்சைக்காரி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கைநீட்டிக்கொண்டிருக்க, குழந்தை ஒரு சிறு சிவப்புக் காகிதத் துண்டை வைத்துக்கொண்டு உலகையே மறந்து விளையாடிக்கொண்டிருந்ததாம். அதைக் கண்ட மரியா காரணம் தெரியாமலே திரும்பி வந்து மறுபடி படிக்கத் தொடங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1896 ஜூலையில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவர் ஒருவர். முதலில் முகம் சுளித்த தந்தையார், பின்னாளில் மகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டித் தொகுத்து வைத்திருந்தார். அதே ஆண்டு பெர்லினில் நடந்த மாதர் மாநாட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்று பேசினார். ஏலத்தோட்டத்துக்குப் போகும் எங்கள் அம்மாமார்களுக்கு இது இன்றும் புதுச் செய்திதான்.

மருத்துவரானபின் உரோமையிலுள்ள மனநல மருத்துவமனையில் பணி. அக்காலத்தில் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பித்துப் பிடித்த பெரியவர்களோடு ஒன்றாக அடைத்து வைத்திருந்தார்கள். வெறுமையான அறை, தொடுவதற்குக்கூட ஒரு பொருள் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துகள்களைப் பொறுக்கி விளையாடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த காவல்காரி அதைப் பெருந்தீனி ஆசை என்று அருவருத்தாள். மரியாவின் கண்ணுக்கு அது வேறாகப்பட்டது. அக்குழந்தைகளுக்கு வயிற்றுப் பசியைவிடக் கைகளின் பசியே பெரிது என்று கண்டார். பிரான்சு நாட்டு மருத்துவர்களான இத்தார், செகன் ஆகிய இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். இத்தகைய குழந்தைகளுக்காக 1900-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் பொறுப்பையும் ஏற்று, காலை முதல் மாலை வரை அவர்களோடேயே இருந்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊரெல்லாம் வியந்தது. அம்மையார் மட்டும் வேறொன்றை எண்ணிக் கவலைப்பட்டார். நலமுள்ள பிள்ளைகள் இவர்களுக்குச் சமமாகத்தான் தேர்வு எழுதுகிறார்கள் என்றால், பள்ளிக்கூடங்கள் அப்பிள்ளைகளை எவ்வளவு பின்னுக்கு இழுத்து வைத்திருக்கின்றன என்பதே அவர் கவலை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா என்று நாங்கள் தயங்கினோம். சிஸ்டர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, உண்மையை மரியாதையோடு எழுதினால் தவறில்லை என்றார்கள். 1898 மார்ச்சு 31-இல் மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே தந்தை. இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் மரியாவின் பணியும் பெயரும் அன்றோடு முடிந்திருக்கும். ஆகவே மாரியோ என்ற அக்குழந்தை நகருக்கு வெளியே வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. தாயார் அவ்வப்போது சென்று பார்த்து வருவார். தாம் யாரென்று சொல்லமாட்டார். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் வீடு தேடித் தந்தவர், தம் குழந்தையைத் தம் வீட்டில் வளர்க்க முடியாதிருந்தார். அவருடைய தாயார் 1912-இல் இறந்தபின், 1913-இல்தான், பதினைந்து வயது மகன் அவரிடம் வந்து சேர்ந்தான். எங்கள் வயது.

இனி 1907-ஆம் ஆண்டுக்கு வருவோம். உரோமை நகரில் சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. கட்டிப் பாதியில் விடப்பட்ட பெரிய பெரிய வீடுகள். அவற்றில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் அறைக்கு அறை நெருங்கிக் கிடந்தன. வீட்டுடைமைச் சங்கம் ஒன்று அக்கட்டடங்களை வாங்கிச் சீர்திருத்திக் குடித்தனக்காரர்களை வைத்தது. அப்போது ஒரு தொல்லை எழுந்தது. தாயும் தந்தையும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத சிறுவர்கள் மட்டும் படிக்கட்டுகளில் ஓடி, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்களையெல்லாம் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவரைத் திரும்பத் திரும்பப் பூசுவதை விட, ஓர் அறையில் குழந்தைகளைச் சேர்த்துவைத்து ஓர் ஆளைக் காவலுக்குப் போடுவது மலிவு என்று சங்கத்தின் தலைவர் எதுவார்தோ தலாமோ கணக்குப் போட்டார். அதற்குப் பொறுப்பாளராக அழைத்தது மாண்டிசோரி அம்மையாரை. உலகமெல்லாம் பரவிய ஒரு பெரிய காரியம் சுவர்ப் பூச்சுச் செலவை மிச்சப்படுத்தத் தொடங்கியது என்பதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, மார்சி தெருவில் 58-ஆம் எண் வீட்டில் அந்த அறை திறக்கப்பட்டது. குழந்தைகளின் வீடு என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். அழுக்குத் துணி, பயந்த முகம், அழுகை. நியமிக்கப்பட்ட ஆசிரியையும் பயிற்சி பெற்றவரல்லர். அதுவே நல்லதாயிற்று என்று அம்மையார் கருதினார். பழைய பள்ளிக்கூட வழக்கம் எதுவும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையல்லவா?

அந்த அறையில் நடந்தவை பல. எங்களுக்கு மிகவும் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறோம். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மர உருளைகளை அந்தந்தக் குழியில் பொருத்தும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடவிட்டும், அது உட்கார்ந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார் அம்மையார். குழந்தை உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டு, தூங்கி எழுந்ததுபோல் முகம் தெளிந்து நிமிர்ந்தது. இவ்வளவு சிறு குழந்தைக்கு இவ்வளவு கவனம் உண்டா என்று அம்மையார் திகைத்தார். இன்னொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே கதவைத் திறந்து, தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை திருட்டு என்று பதறினார். அம்மையாரோ அன்று முதல் பூட்டையே எடுத்துவிட்டு, குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகளை வைக்கச் செய்தார். நாற்காலியும் மேசையும் குழந்தை தூக்கி நகர்த்தும் அளவில் செய்யப்பட்டன.

மூக்குச் சிந்தும் பாடம் ஒன்றும் உண்டு. சத்தமில்லாமல், பிறர் பார்க்காதபடி கைக்குட்டையில் மூக்கைத் துடைப்பது எப்படி என்று அம்மையார் ஒரு நாள் செய்து காட்டினார். வேடிக்கையாகத்தான் தொடங்கினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, முடிந்ததும் அத்தனை பேரும் கைதட்டினார்கள். மூக்கொழுகுகிறது என்று நாளெல்லாம் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு, அதை எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் சொல்லித் தரவில்லை! இதைப் படித்ததிலிருந்து நாங்கள் தம்பி தங்கைகளைத் திட்டும்போது கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொள்கிறோம்.

எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தைகள் விரலால் தடவும்படி கொடுத்தார். கண்ணுக்கு முன் கை கற்றுக்கொண்டது. சில மாதங்களில், ஒரு நாள் மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் படம் வரைந்துகொண்டிருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் திடீரென்று சொற்களை எழுதத் தொடங்கினான். எழுதிவிட்டு ஆனந்தத்தால் கூவினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தரை, கதவு, ரொட்டி எல்லாவற்றிலும் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் வந்து பார்த்து மகிழ்ந்தார்கள்.

அந்த வீட்டின் விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. கட்டணம் கிடையாது. ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டித் துப்புரவாக அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது தாய் வந்து ஆசிரியையிடம் குழந்தையைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருப்பவர். தாய் எந்நேரமும் எட்டிப் பார்க்கலாம். நேரத்தைப் பற்றி அம்மையார் எழுதியிருப்பதை நாங்கள் இருமுறை படித்தோம். குளிர்காலத்தில் காலை 9 முதல் மாலை 5 வரையும், கோடையில் காலை 8 முதல் மாலை 6 வரையும் குழந்தைகளின் வீடு திறந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். வேலைக்குப் போகும் தாய்க்கு நிம்மதி தருவதும் அந்த வீட்டின் வேலைகளில் ஒன்று என்பதை அவர் மறக்கவில்லை.

1908 டிசம்பர் 28-இல் மெஸ்ஸினா நகரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டுப் பல்லாயிரம் மக்கள் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட அநாதைக் குழந்தைகள் ஏறத்தாழ அறுபது பேரை உரோமையில் ஜியுஸ்தி தெருவிலுள்ள பிரான்சிஸ்கன் மரியாயின் மிஷனரிக் கன்னியர் மடத்தில் சேர்த்தார்கள். பெயர்கூடச் சொல்லத் தெரியாமல், சாப்பிடாமல், இரவெல்லாம் விசும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். அம்மையாரின் முறைப்படி கன்னியர்கள் அவர்களைப் பேணினார்கள். பாத்திரம் துலக்கவும், மேசை அலங்கரிக்கவும், தோட்டம் பார்க்கவும் தொடங்கியபின் அப்பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தக் கன்னியர் சபை 1877-இல் நம் உதகமண்டலத்தில் தோன்றியது என்பது எங்களுக்குக் கிடைத்த இன்பமான செய்தி.

பிறகு வந்த புகழைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1909-இல் அவருடைய நூல் வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913-இல் அமெரிக்கா சென்றார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையை மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்தனர். இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அவரை ஆதரித்தது. பிறகு பள்ளிகளைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. அவர் இணங்கவில்லை. 1934-இல் நாட்டை விட்டு வெளியேறினார். அங்கிருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் வாழ்ந்தார், 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்துக்குப் போனார்.

1939 நவம்பரில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், மகன் மாரியோவோடு விமானமேறிச் சென்னை வந்து சேர்ந்தார். அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்திருந்தார். மூன்று மாதத்தில் திரும்பிவிடும் எண்ணம். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. இந்தியாவின் நாலா பக்கங்களிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் வந்திருந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. உடனே தாயும் மகனும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குப் பகை நாட்டாராகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாரை வயதைக் கருதி அடையாறு எல்லைக்குள் வைத்தார்கள். வெயில் காலத்தில் உதகமண்டலம் போகலாம், அவ்வளவே. இரண்டாம் முறையாக மகனைப் பிரிந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-இல் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி. பிறந்தநாள் பரிசாக மகனை அவரிடமே திருப்பி அனுப்புவதாக அது கூறியது. அதுவரை உலகுக்கு வளர்ப்பு மகன் என்றும் உறவுப் பிள்ளை என்றுமே மாரியோவை அறிமுகம் செய்திருந்தார்கள். தந்தியில் மகன் என்றே இருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அரசாங்கத் தாளில் அந்த ஒரு சொல்!

போர் முடியும்வரை அவர்கள் இந்தியாவை விட்டுப் போக முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே பழனி மலைத்தொடர். அதன் மேலேதான் கொடைக்கானல். மேகமில்லாத நாளில் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் இப்போது எங்களுக்கு அம்மையாரின் நினைவு வருகிறது. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்கிரமரத்னே என்ற ஆசிரியையோடு சேர்ந்து அங்கே ஒரு சிறு பள்ளி நடத்தினார்கள். அதில் பல வயதுக் குழந்தைகளும் ஒன்றாகப் படித்தனர். இலை, வேர், பூச்சி, கல், நட்சத்திரம் என்று சுற்றிலுமிருந்தவையே பாடங்களாயின. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான அவருடைய கல்வி முறை பெரிதும் உருவானது நம் மலையில்தான். 1944-இல் இலங்கை சென்றும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, மறுபடி 1947-இல் வந்து, 1949-இல் விடைபெற்றார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயின்றிருந்தனர். பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையைப் பற்றி அவர் சிந்தித்ததும் பெரும்பாலும் இங்கேதான். தாயின் இடுப்பிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு சந்தைக்கும் வயலுக்கும் போய், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேயிருக்கும் நம் குழந்தைகளை அவர் கூர்ந்து நோக்கினார்.

1952 மே 6-ஆம் நாள், ஹாலந்து நாட்டுக் கடற்கரை ஊரான நூர்ட்விக்கில், எண்பத்தொன்றாம் வயதில் காலமானார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் மாரியோ அவர் பணியைத் தொடர்ந்து நடத்தி 1982-இல் மறைந்தார்.

இவ்வளவும் எழுதியபின் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. கூலிக்காரர் பிள்ளைகளுக்காகக் கட்டணமில்லாமல் தொடங்கிய முறை, இன்று நகரங்களில் பணமுள்ளோர் மட்டும் சேரக்கூடிய பள்ளிகளின் பெயர்ப் பலகையாகிவிட்டதே, இது நியாயமா என்று ஒருத்தி கேட்டாள். மகாத்மா காந்தி 1931-இல் லண்டனில் அம்மையாரின் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றபோதே, இது நம் கிராமத்து ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டுமே என்றுதான் எண்ணினார். அப்படிக் கிடைக்கச் செய்யப் பாடுபட்டவர்கள் இருக்கிறார்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-இல் பாவநகரில் பாலமந்திர் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945-இல் மும்பைக்கு வடக்கே போர்டி என்னும் கிராமத்துக்கே போய்க் குடியேறினார். பின்பு 1957-இல் கோஸ்பாட் மலைக்கு மாறினார். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று பார்த்தால், மாடு மேய்க்க வேண்டும், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார். முற்றத்துப் பள்ளி என்ற பொருளில் எழுந்ததே அங்கன்வாடி என்ற பெயர். விலையுயர்ந்த மரச் சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், விதை, இலை, சிப்பி. அது மட்டுமா? குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார். தம்பியை இடுப்பில் வைத்திருக்கும் அக்காள், அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அடுத்த அறையில் தான் படிக்கலாம்!

இதைப் படித்தபோது எங்கள் அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. இரண்டாவது பெஞ்சுத் தோழியை எல்லாரும் நினைத்துக்கொண்டோம் என்பது ஒருவர் சொல்லாமலே தெரிந்தது.

நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. தமிழகத்தில் 1982 ஜூலை 1-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளுக்கும் சோறு போட்டது. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்தன. தோட்டங்களுக்கென 1951-இல் இயற்றிய சட்டம், ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. ஏலத்தோட்டங்களும் 1981-இல் அச்சட்டத்துக்குள் சேர்ந்தன. ஆனால் நாளுக்கு ஒரு தோட்டம் என்று ஜீப்பில் போய் வரும் பெண்கள் எந்தத் தோட்டத்தின் கணக்கில் வருவார்கள்? கைக்குழந்தையைச் சோதனைச் சாவடிகள் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அட்டையும் மழையுமான காட்டுக்கு எந்தத் தாய் கொண்டுபோவாள்? ஊரிலேதான் விட வேண்டும். ஊரிலே ஜீப் இருட்டோடு கிளம்புகிறது. அங்கன்வாடி திறக்க வெயிலேற வேண்டும். இந்த இடைவெளி சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் எங்கள் தோழி பள்ளியை விட்டாள். பிற்பகலிலும் அப்படியே, பிள்ளை மூன்று மணிக்கு மேல் யார் கையில் இருக்கும்? காயெடுப்பு மாதங்களிலாவது விடியற்காலை முதல் விளக்கு வைக்கும் வரை ஒரு அறை திறந்திருந்தால் போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இதைப் படிக்கும் பெற்றோர்களில் ஊர்ப் பொறுப்பில் உள்ளவர்கள் இருப்பீர்கள். ஆகவே எழுதிவைக்கிறோம்.

எங்களால் ஆனது சிறிது. மலர்க் குழுவினர் ஆறு பேர் தச்சர் கடையில் உப்புத்தாள் வாங்கி, எழுத்துகளை வெட்டி, பழைய நோட்டு அட்டைகளில் ஒட்டினோம். தமிழ் எழுத்துகள் வளைவு மிகுந்தவை, கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது. இத்தாலியக் குழந்தைகளுக்கு வேலை சுலபமாகத்தான் இருந்திருக்கும்! முதலில் ட, ப, ம. ஒரு சனிக்கிழமை தோழியின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவள் தம்பிக்கு இப்போது மூன்று வயது. ட எழுத்தைக் கையில் கொடுத்ததும் முதலில் நாக்கால் தொட்டுப் பார்த்தான். பிறகு அக்காள் அவன் விரலைப் பிடித்து ஒரு முறை தடவிக் காட்டினாள். அவ்வளவுதான், எங்கள் யாரையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்கள் எண்ணினோம். பதினேழு தடவை.

வாசல்வரை வந்த தோழி, அடுத்த வாரம் அ, ஆ கொண்டுவரச் சொன்னாள். கூடவே எங்கள் கணக்குப் புத்தகத்தையும் கேட்டாள். புத்தகம் கொடுத்துவிட்டோம். உப்புத்தாள்தான் இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.